ஒரே சர்வரில் ஆறு செயலிகள்: சூழல்களை எந்தக் கணக்கில் பிரிப்பது?

நொய்யல்கரை:

வணக்கம். ஒரு சிறிய மொத்த வியாபார அலுவலகத்தின் கணினி வேலைகளைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முன்னிருந்தவர் விட்டுச்சென்ற ஒரே சர்வரில் ஆறு செயலிகள் ஓடுகின்றன. சர்வரில் நான்கு கோர், 16 ஜிபி நினைவகம், இயங்குதளம் உபுண்டு 22.04 (லினக்ஸ்). சரக்கிருப்புப் பதிவேடு, பைதான் மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் ஜாங்கோ என்ற கட்டமைப்பின் 3.2 பதிப்பில் எழுதப்பட்டது. வருகைப்பதிவு என்பது விரல்ரேகை இயந்திரத்திலிருந்து தரவை வாங்கிக்கொள்ளும் ஒரு நிரல்; அது ஜாங்கோ போன்ற சிறிய கட்டமைப்பான ஃபிளாஸ்க்கில் எழுதியது. பில்லைத் தமிழில் பிடிஎஃப் ஆக்கித் தரும் நிரல் ஒன்று. இரவு ஒரு மணிக்கு விற்பனையைத் தொகுத்து முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பும் நிரல் ஒன்று. ஓட்டுநர்கள் கைப்பேசியில் பார்க்கும் வண்டிச்சீட்டுப் பக்கம் ஒன்று. ஆறாவது, வெளியாள் ஒருவர் இப்போது எழுதித் தந்துகொண்டிருக்கும் வாடிக்கையாளர் தளம். அது ஜாங்கோ 5.2.

அனைத்தும் சர்வரின் சொந்தப் பைதானிலேயே, நிர்வாகி உரிமையோடு, பைதான் நூலகங்களை நிறுவும் பிப் கட்டளை மூலம் நிறுவப்பட்டிருக்கின்றன. சென்ற மாதம் புதிய தளத்துக்காக ஜாங்கோ 5.2-ஐ நிறுவியபோது பிப் எதையும் கேட்காமல் 3.2-ஐ நீக்கிவிட்டுப் புதியதை வைத்தது. அடுத்த நிமிடமே சரக்கிருப்புப் பதிவேடு நின்றுபோனது. அதன் முகவரிக் கோப்பு பயன்படுத்திய பழைய 'யூஆர்எல்' என்ற செயற்கூறு ஜாங்கோ 4.0-இலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. இயங்குதளம் பழையதாக இருப்பதால்தான் இப்படி ஆகிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை 24.04-க்கு மேம்படுத்தினேன். ஒன்று நின்ற இடத்தில் ஆறும் நின்றன. மீண்டும் நிறுவ முயன்றால் 'இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்று பிப் மறுத்துவிட்டது. மாலையில் பேக்கப்பிலிருந்து 22.04-ஐயே மீட்டெடுத்து, ஜாங்கோ 3.2-ஐத் திரும்ப வைத்து, திங்கட்கிழமைக் கடை திறப்பதற்குள் மூச்சு வாங்கினேன்.

இப்போது கேள்வி: செயலிக்கு வேண்டிய நூலகங்களைத் தனியே வைக்கும் பைதான் மெய்நிகர் சூழல் போதுமா, செயலியை அதற்கு வேண்டியவற்றோடு ஒரு கன்டெய்னரில் அடைத்து ஓட்டும் டாக்கருக்குப் போக வேண்டுமா, அல்லது முழு இயங்குதளத்தோடு செயலிக்கொரு மெய்நிகர் இயந்திரம் அமைக்க வேண்டுமா? மூன்றையும் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க மூன்றுமே சரியென்றுதான் தோன்றுகிறது.

பழைய_முனையம்:

முதலில், நீங்கள் கண்டது கோளாறு அல்ல, பாதுகாப்பு. சர்வரின் சொந்தப் பைதான் இயங்குதளத்துக்கு உரியது. அதன் பல கருவிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. பிப் அதற்குள் கைவைப்பதைத் தடுக்கும் ஏற்பாடு உபுண்டுவில் 23.04-இலும், டெபியனில் 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலும் நடைமுறைக்கு வந்தது. அதை மீறுவதற்கு ஒரு தேர்வும் உண்டு. அதற்கு 'சிஸ்டம் பேக்கேஜ்களை உடை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைப் படித்த பிறகும் அதைத் தட்டச்சு செய்பவரை யாராலும் காப்பாற்ற முடியாது. நீங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்யாமல் பேக்கப்பைத் தேடிப் போனீர்கள் அல்லவா, அது நல்ல முடிவு.

மேம்படுத்தியதும் ஆறும் நின்றதற்கான காரணம் எளியது. 22.04-இன் பைதான் 3.10, 24.04-இன் பைதான் 3.12. உங்கள் நூலகங்கள் எல்லாம் 3.10 என்று பெயரிட்ட அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) பத்திரமாகவே இருந்திருக்கும். புதிய பைதான் 3.12 என்ற அடைவில் மட்டுமே தேடும். ஒரு கோப்பும் அழியவில்லை. ஒரு கோப்பும் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

தீர்வு, செயலிக்கு ஒரு மெய்நிகர் சூழல். இது 2007-இல் இயான் பிக்கிங் எழுதிய 'வெர்ச்சுவல்என்வ்' என்ற கருவியாகத் தொடங்கி, 2012-இல் வந்த பைதான் 3.3 முதல் 'வென்வ்' என்ற பெயரில் மொழியோடு சேர்ந்தே வருகிறது. இதில் மாயம் எதுவுமில்லை. ஓர் அடைவு, அதற்குள் மூலப் பைதான் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சில வரிக் கோப்பு ஒன்று, அந்தப் பைதானைச் சுட்டும் ஓர் இணைப்பு, நூலகங்களுக்கு ஒரு தனி இடம். உங்கள் ஜாங்கோ 3.2, 5.2 இரண்டுமே பைதான் 3.10-இல் ஓடக்கூடியவை. ஆகவே 22.04-இல் இருந்தபடியே, இரண்டு சூழல்களை உருவாக்கி இரண்டையும் அருகருகே ஓட்டலாம். இயங்குதளத்தைத் தொட வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை.

ஒழுங்குமுறைக்கு நான் பின்பற்றுவது இது. சர்வரின் 'எஸ்ஆர்வி' அடைவுக்குள் செயலியின் பெயரில் ஓர் அடைவு. அதற்குள் நிரல் ஒரு பக்கம், சூழல் ஒரு பக்கம், செயலி எழுதும் தரவு ஒரு பக்கம். செயலிக்கு ஒரு தனி லினக்ஸ் பயனர் கணக்கு. அந்தக் கணக்கு தரவு அடைவில் மட்டுமே எழுதலாம், நிரலையும் சூழலையும் படிக்க மட்டுமே செய்யலாம். சூழலை 'ஆக்டிவேட்' செய்வது (முனையத்தில் அதன் பைதானையே இயல்பானதாக்குவது) மனிதர் தட்டச்சு செய்யும்போது கிடைக்கும் வசதி மட்டுமே. செயலியைத் தானாகத் தொடங்கும் சர்வீஸ் கோப்பிலும், குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரான் வரியிலும் அந்தச் சூழலின் பைதானை முழுப் பாதையோடு எழுதினாலே போதும். கிரானில் 'ஆக்டிவேட்' செய்ய முயன்று தோற்றவர்களின் கேள்விகளை பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கப்பல்சரக்கு:

ஐயா சொல்வதில் ஒரு முக்கியமான விடுபடல் இருக்கிறது. மெய்நிகர் சூழலுக்குள் இருக்கும் பைதான் ஒரு சுட்டி மட்டுமே, மூலம் இயங்குதளத்தினுடையது. நொய்யல்கரை ஆறு சூழல்களை ஒழுங்காக அமைத்து வைத்திருந்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமை மேம்படுத்தலில் ஆறும் ஒரே நேரத்தில் நின்றிருக்கும். சுட்டி 3.12-க்குத் திரும்பியிருக்கும்; நூலகங்கள் 3.10 அடைவிலேயே கிடந்திருக்கும். சரி, சூழலை மீண்டும் உருவாக்கலாம் என்றால், ஜாங்கோ 3.2 பைதான் 3.12-இல் ஏற்றவே ஏற்றாது. அது இறக்குமதி செய்யும் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற கூறு 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது, பைதான் நூலகங்களை மட்டுமே அது பிரிக்கிறது. தமிழில் பிடிஎஃப் ஆக்கும் நிரல் பெரும்பாலும் வீஸிபிரிண்ட் போன்ற ஒன்றாக இருக்கும். அது எழுத்துகளைக் கோத்து அடுக்குவதற்கு பாங்கோ என்ற சி நூலகத்தை நம்பியிருக்கிறது. அது பிப் மூலம் வருவதில்லை, இயங்குதளத்திலிருந்து வருகிறது. அந்தப் பதிப்பு மாறினால் உங்கள் சூழல் ஒன்றும் செய்ய முடியாது.

டாக்கர் 2013-இல் அறிமுகமானதே இந்தச் சிக்கலுக்காகத்தான். செயலி, அதன் பைதான், அதன் சி நூலகங்கள், எல்லாம் ஒரே இமேஜில், அதாவது ஓட்டத் தயாரான ஒரே தொகுப்பில், கட்டப்படுகின்றன. கீழே கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, மட்டும் பொது. சரக்கிருப்புக்குப் பைதான் 3.10 இமேஜ், வாடிக்கையாளர் தளத்துக்கு 3.12 இமேஜ். கீழே உபுண்டு 22 இருந்தால் என்ன, 24 இருந்தால் என்ன? ஆறு கன்டெய்னர்கள், அவற்றை ஒன்றாக ஓட்டச் சொல்லும் ஒரு கம்போஸ் கோப்பு, வேலை முடிந்தது.

பழைய_முனையம்:

சுட்டி பற்றிச் சொன்னது சரி. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு டாக்கர்தான் ஒரே வழி என்றில்லை. செயலிக்கென்று ஒரு பைதானைத் தனி அடைவில் நிறுவி, அதிலிருந்து சூழலை உருவாக்கினால் இயங்குதளத்தின் பைதான் எப்படி மாறினாலும் கவலையில்லை. முன்பு மூலநிரலிலிருந்து நாமே தொகுக்க வேண்டியிருந்தது. 2024-இல் வந்த 'யூவி' என்ற கருவி இப்போது வேண்டிய பைதான் பதிப்பைத் தானே இறக்கித் தருகிறது. சூழல்களுக்குப் பொதுவான நூலகக் கோப்புகளைத் திரும்பத் திரும்ப நகலெடுக்காமல் ஒரே இடத்தில் வைத்து இணைத்துவிடுவதால் வட்டில் இடமும் மிச்சம்.

'வேலை முடிந்தது' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு இமேஜ்கள் என்றால், ஆறு சிறிய இயங்குதளங்கள். ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானால், சர்வரில் ஒரு கட்டளை கொடுத்து மேம்படுத்துகிறேன். சர்வரின் பைதானிலிருந்து உருவாக்கிய மெய்நிகர் சூழலில் ஓடும் செயலிகளை மறுதொடக்கம் செய்ததும் எல்லாவற்றுக்கும் புதியது கிடைக்கிறது. கன்டெய்னருக்குள் இருப்பது அப்படியே இருக்கும், யாராவது ஆறு இமேஜ்களையும் மறுபடி கட்டும் வரையில். நொய்யல்கரை தனியாள் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறார்.

கப்பல்சரக்கு:

அதற்காகவே மாதம் ஒருமுறை தானாகக் கட்டும்படி அமைத்துவிடலாமே!

பழைய_முனையம்:

அமைத்துவிடலாம். தானாகக் கட்டியது உடைந்ததா என்று பார்ப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

இரவுப்பணி:

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்துகிறவள் என்பதால், கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் எதிலிருந்து எதைப் பிரிக்க நினைக்கிறோம் என்று கேட்கிறேன். நூலகப் பதிப்பு மோதல் அதில் ஒன்று மட்டுமே. என்னை இரவில் எழுப்பியவை பெரும்பாலும் அது அல்ல.

ஓர் உதாரணம். நான் முன்பு பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில் ஐந்து செயலிகளும் ஒழுங்காகத் தனித்தனிச் சூழல்களில் இருந்தன. மாதக் கடைசியில் ஒருவர் ஆயிரக்கணக்கான பில்களை ஒரே பிடிஎஃப் ஆகக் கேட்டார். அந்த நிரல் நினைவகத்தை எல்லாம் விழுங்கியது. நினைவகம் தீரும்போது எந்தப் புரோகிராமைக் கொல்வது என்று கர்னல் ஒரு மதிப்பெண் போட்டு முடிவு செய்யும். அன்றைக்கு அதன் கையில் சிக்கியது பிடிஎஃப் நிரல் அல்ல, டேட்டாபேஸ். ஐந்து செயலிகளும் ஒன்றாக விழுந்தன. தனிச் சூழல் எதையும் தடுக்கவில்லை. ஏனென்றால் அது நினைவகத்தைப் பிரிப்பதே இல்லை.

இதற்கு டாக்கரும் தேவையில்லை. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் 'மெமரிமேக்ஸ்' என்று ஒரு வரி சேர்த்து, பில் நிரலுக்கு 2 ஜிபி என்று எல்லை வைத்தால், அது எல்லை மீறும்போது அது மட்டுமே சாகும். கன்டெய்னர்கள் பயன்படுத்துவதும் கர்னலின் இதே வசதியைத்தான். டாக்கரில் எல்லை சொல்லாவிட்டால் எல்லை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கன்டெய்னரில் போட்டுவிட்டோம், பிரிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, கணக்கு. பைதான் வலைச் செயலிகளை ஓட்டும் ஜியூனிகார்னின் ஆவணம், ஒரு செயலிக்கு எத்தனை புரோகிராம்களை ஓட்டுவது என்பதற்குச் சொல்லும் பரிந்துரை, கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு என்பது. நான்கு கோருக்கு ஒன்பது. ஒரு சர்வருக்கு ஒரு செயலி என்றால் அது பொருத்தமான எண். செயலிக்கு ஒரு சூழல், செயலிக்கு ஒரு கோப்பு என்று பிரிக்கும்போது ஒவ்வொரு கோப்பிலும் அதே ஒன்பதை எழுதிவிடுகிறோம். நான்கு வலைச் செயலிகளுக்கு 36 புரோகிராம்கள், அதே நான்கு கோரில். ஒவ்வொன்றும் நான்கு இழைகளோடு (ஒரே நேரத்தில் நடக்கும் உள்வேலைகளோடு) ஓடி, டேட்டாபேஸ் இணைப்பைத் திறந்தபடியே வைத்திருந்தால் 144 இணைப்புகள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் இயல்பாக அனுமதிப்பது 100. அதிலும் மூன்று நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. பிரித்து வைத்த சூழல்கள் ஒன்றையொன்று பார்க்காது; ஆனால் எல்லாம் சென்று நிற்பது ஒரே வாசலில்.

டாக்கருக்குப் போவதென்றால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, கன்டெய்னரின் போர்ட்டை, அதாவது வலையமைப்பு வாசலை, வெளியே திறந்தால் டாக்கர் தானே ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் விதிகளை எழுதிவிடும். நீங்கள் உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூவில் 'மூடு' என்று போட்டிருந்தாலும் அது திறந்தே இருக்கும். போர்ட்டை, சர்வருக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1 என்ற முகவரியோடு சேர்த்து எழுதி, வெளியுலகுக்கு என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மட்டும் தெரியும்படி வையுங்கள். இரண்டு, லாக் கோப்புகளுக்கு இயல்பில் அளவெல்லை கிடையாது. ஒரு செயலி வாயாடியாக இருந்தால் சில மாதங்களில் வட்டு நிரம்பும். மூன்று, டாக்கர் குழுவில் ஒருவரைச் சேர்ப்பது அவருக்கு சர்வரின் முழுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். வாடிக்கையாளர் தளத்தை எழுதும் அந்த வெளியாளை இப்போது நினைத்துப் பாருங்கள்.

கர்னல்பித்தன்:

மெய்நிகர் இயந்திரத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே! அதை ஓட்டும் கேவிஎம் என்ற வசதி 2007-இலிருந்து லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. மேலே மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு, செயலிக்கு ஓர் இயந்திரம் கொடுத்தால் நூலகம், நினைவகம், கர்னல், பயனர் என எல்லாமே பிரிந்துவிடும். மேம்படுத்துவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியின் நிலைப்பதிவு. தவறினால் ஒரு நிமிடத்தில் பழைய நிலை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைவரை நீண்டிருக்காது.

இரவுப்பணி:

16 ஜிபியில் ஆறு இயந்திரங்களுக்கு இரண்டிரண்டு ஜிபி கொடுத்தால் 12 போய்விடும். மீதி நான்கில் ப்ராக்ஸ்மாக்ஸும் டேட்டாபேஸும். ஓட்டுநர்களின் வண்டிச்சீட்டுப் பக்கத்துக்கு 200 எம்பி கூடத் தேவைப்படாது. அதற்கு ஒரு முழு இயங்குதளம், அதற்கு ஒரு மேம்படுத்தல் அட்டவணை. ஆனால் ஆறு வேண்டாம், இரண்டு என்று சொன்னால் நான் உங்கள் பக்கம்: ஒன்று உண்மையான சர்வர், இன்னொன்று அதே பதிப்பில் ஓர் ஒத்திகை இயந்திரம். ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். அது அதே வட்டில்தான் இருக்கிறது, வட்டு போனால் அதுவும் போகும்.

நொய்யல்கரை அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறு செயலிகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விவரம் மட்டும் குறித்துப் போடுங்கள்: அது எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, அதை மாற்றுபவர் யார்?

நொய்யல்கரை:

அனைவருக்கும் நன்றி. தாளில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

சரக்கிருப்பு: மூன்று ஆண்டுகளாக ஒரு வரிகூட மாறவில்லை, எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வருகைப்பதிவு: இயந்திரம் விற்றவரின் ஆள் வருடத்துக்கு ஒருமுறை வந்து ஏதோ செய்வார். பில் நிரல்: ஜிஎஸ்டி விகிதமோ படிவமோ மாறும்போது நானே மாற்றுவேன். இரவுத் தொகுப்பு: முதலாளிக்குப் புதிதாக ஒரு கணக்கு வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம், அதாவது மாதம் இருமுறை, நானே. வண்டிச்சீட்டு: மாறுவதில்லை, ஆனால் நிரல் எனக்குப் புரியும். வாடிக்கையாளர் தளம்: வாரம் இருமுறை, வெளியாள்.

எழுதி முடித்தபோது ஒன்று தெரிந்தது. நான் இதுவரை எது பைதான், எது ஜாங்கோ, எந்தப் பதிப்பு என்றுதான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவுப்பணி:

நான் எதிர்பார்த்ததும் இதுதான். ஒரே கையால் ஒரே தாளத்தில் மாறுபவை ஒன்றாக இருந்தால் பெரிய தீங்கில்லை. வெவ்வேறு கைகளால் வெவ்வேறு நாளில் மாறுபவை ஒரே இடத்தில் இருந்தால், ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்யும்போதே இன்னொருவரின் வேலை உடையும். உங்களுக்குச் சென்ற மாதம் நடந்தது அதுதான். அதில் யாரும் தவறு செய்யவில்லை.

இந்தத் தாளின்படி நான் செய்வது இப்படி இருக்கும்.

சரக்கிருப்பு உறைந்துபோன செயலி. ஜாங்கோ 3.2-க்கான ஆதரவு 2024 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. அதை ஒரு கன்டெய்னரில், பைதான் 3.10 இமேஜில், அதன் நூலகப் பதிப்புகளை எழுத்தெழுத்தாக நிலைப்படுத்தி வையுங்கள். இமேஜின் பெயரில் 'லேட்டஸ்ட்' என்று விடாதீர்கள். அது ஒருநாள் வேறு பைதானைக் கொண்டுவந்து நிறுத்தும். இணையத்திலிருந்து யாரும் அதைத் தொட முடியாமல், அலுவலக வலையமைப்புக்குள் மட்டும் தெரியும்படி இருக்கட்டும்.

பில், இரவுத் தொகுப்பு, வண்டிச்சீட்டு மூன்றும் உங்கள் கையில். பழைய_முனையம் ஐயா சொன்ன அமைப்பு இவற்றுக்கு மிகச் சரி: ஆளுக்கொரு மெய்நிகர் சூழல், ஆளுக்கொரு பயனர் கணக்கு, சிஸ்டம்டி கோப்பில் நினைவக எல்லை. மூன்றுக்கும் ஒரே சூழல் போதுமே என்று ஆசை வரும். சூழல் என்பது ஓர் அடைவு மட்டுமே. அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வருகைப்பதிவுக்கும் தனிச் சூழல். அந்த ஆள் வரும்போது அவருக்கு அந்த ஒரு பயனர் கணக்கின் கடவுச்சொல் மட்டும்.

வாடிக்கையாளர் தளம் இணையத்தைப் பார்த்து நிற்பது, வெளியாள் வாரம் இருமுறை மாற்றுவது. அதை அவரே இமேஜாகக் கட்டித் தரட்டும்; நீங்கள் அந்த இமேஜை ஏற்றுவதோடு சரி. உங்கள் சர்வருக்குள் அவர் வர வேண்டியதே இல்லை. டேட்டாபேஸ் மட்டும் இதில் எதிலும் சேராமல், சர்வரிலேயே, இயங்குதளத்தின் பேக்கேஜாக இருக்கட்டும். செயலிக்கு ஒரு டேட்டாபேஸ், ஒரு டேட்டாபேஸ் பயனர். புரோகிராம் எண்ணிக்கையை நான்கு வலைச் செயலிகளுக்கும் சேர்த்துப் பங்கிடுங்கள். செயலிக்கு இரண்டோ மூன்றோ போதும்.

பழைய_முனையம்:

உறைந்துபோனதற்குக் கன்டெய்னர் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. என் வாயால் இதைச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை.

நூலகப் பட்டியலைப் பற்றி ஒரு சொல். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில், நிறுவிய நூலகங்களைப் பதிப்போடு பட்டியலிடும் 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்தால் ஆறு செயலிகளின் நூலகங்களும் கலந்து ஒரே பட்டியலாக வரும். அதை அப்படியே ஒவ்வொரு சூழலுக்கும் ஊட்டாதீர்கள். ஒவ்வொரு நிரலும் உண்மையில் எதை இறக்குமதி செய்கிறது என்று பார்த்து, அந்த நான்கைந்து பெயர்களை ஒரு கோப்பில் எழுதுங்கள். அவற்றின் பதிப்பு எண்களை மட்டும் அந்தப் பெரிய பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் சூழலில் அவற்றை நிறுவி, செயலி ஓடுகிறது என்று உறுதியான பிறகு அங்கே 'பிப் ஃப்ரீஸ்' எடுத்தால் கிடைப்பதே அந்தச் செயலியின் பூட்டுப் பட்டியல். சலிப்பூட்டும் வேலை, செயலிக்கு அரை நாள் ஆகும்.

கப்பல்சரக்கு:

கன்டெய்னருக்குப் போகும்போது இரண்டு சிறு விஷயம், இரண்டிலும் நான் அடிபட்டிருக்கிறேன். சிறிய இமேஜ்களில் தமிழ் எழுத்துருக்கள் இருக்காது. பில் நிரலை எப்போதாவது கன்டெய்னருக்குள் கொண்டுபோனால், வாடிக்கையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு எழுத்துருவை இமேஜிலேயே சேர்க்க வேண்டும். எண்கள் மட்டும் சரியாக வருவதால் சோதனையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மற்றொன்று நேரம். கன்டெய்னரின் கடிகாரம் இயல்பில் உலகப் பொது நேரமான யூடிசி. நம் இரவு ஒரு மணி அதற்கு முந்தைய நாள் மாலை ஏழரை. அந்த நேரத்தில் 'நேற்றைய விற்பனை' என்று கேட்டால் முந்தாநாள் கணக்கு வந்து நிற்கும்.

நொய்யல்கரை:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஏறக்குறைய இரவுப்பணி அவர்கள் சொன்னபடியே பிரித்துவிட்டேன். ஒரு பழைய மேசைக் கணினியில் உபுண்டு 22.04 போட்டு அதை ஒத்திகைக்கு வைத்துக்கொண்டேன். கர்னல்பித்தன் மன்னிக்கவும், அது மெய்நிகர் இயந்திரம் அல்ல, உண்மையான இயந்திரமே.

ஒரு தவறு செய்தேன். பிறருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். வண்டிச்சீட்டுச் செயலியின் சூழலை முதலில் சர்வரில் 'சோதனை' என்ற அடைவில் அமைத்து, எல்லாம் ஓடியதும், முழு அடைவையும் உண்மையான இடத்துக்கு நகலெடுத்தேன். செயலி ஓடியது. இரண்டு நாள் கழித்து ஒரு நூலகத்தை மேம்படுத்த, புதிய இடத்துச் சூழலின் பிப்பை முழுப் பாதையோடு அழைத்தேன். 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்று வந்தது. ஆனால் செயலி பழைய பதிப்பையே காட்டியது. மூன்று முறை நிறுவினேன், மூன்று முறையும் வெற்றி. கடைசியில் அந்தப் பிப் கோப்பைத் திறந்து பார்த்தேன். அது ஏழெட்டு வரி மட்டுமே உள்ள ஒரு சிறு நிரல். அதன் முதல் வரியில், எந்தப் பைதானால் ஓட்ட வேண்டும் என்ற இடத்தில், 'சோதனை' அடைவின் முழுப் பாதை அப்படியே இருந்தது. மூன்று முறையும் நான் மேம்படுத்தியது யாரும் பயன்படுத்தாத சூழலை.

பழைய_முனையம்:

சூழல் உருவாகும்போதே அதன் முழுப் பாதை அந்தக் கோப்புகளில் எழுதப்பட்டுவிடும். அதை நகலெடுக்கவோ இடம் மாற்றவோ கூடாது; பூட்டுப் பட்டியலை வைத்துப் புதிய இடத்தில் மறுபடி உருவாக்க வேண்டும். பிப்பை நேராக அழைக்காமல், சூழலின் பைதானை அழைத்து 'எம்' தேர்வோடு பிப் என்று கொடுக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. எந்தப் பைதானுக்கு நிறுவுகிறோம் என்பது கட்டளையிலேயே தெரியும். இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நொய்யல்கரை:

மறுபடி உருவாக்க நாற்பது விநாடிகூட ஆகவில்லை, ஐயா. அதை நகலெடுக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்றே தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. பழைய நூலகங்களைச் சர்வரின் சொந்தப் பைதானிலிருந்து நீக்கிய மறுநாள் காலை, கிடங்கு மேலாளர் போன் செய்து, தினமும் ஏழு மணிக்கு வரும் 'குறைந்த இருப்பு' பட்டியல் வரவில்லை என்றார். அப்படி ஒரு பட்டியல் இருப்பதே எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தால், எனக்கு முன்னிருந்தவரின் சொந்தப் பயனர் கணக்கின் கிரானில் ஒரு வரி. அது சர்வரின் பைதானால் அவருடைய வீட்டு அடைவில் இருந்த ஒரு நிரலை ஓட்டிக்கொண்டிருந்தது. அதாவது ஏழு செயலிகள். அந்த நிரல் சரக்கிருப்பின் டேட்டாபேஸை நேராகப் படிக்கிறது, ஜாங்கோவைப் பயன்படுத்தவில்லை. இதை எந்தப் பக்கம் வைப்பது? சரக்கிருப்பின் கன்டெய்னருக்குள்ளா, அல்லது என் கையில் உள்ள மூன்றோடா?

இரவுப்பணி:

அதை இனி மாற்றப்போவது யார்?

நொய்யல்கரை:

நான்தான். கிடங்கு மேலாளர் அதில் இன்னும் இரண்டு பத்திகள் வேண்டும் என்று இன்றைக்கே கேட்டுவிட்டார்.

இரவுப்பணி:

அப்படியானால் உங்கள் மூன்றோடு. தனிச் சூழல், தனிப் பயனர் கணக்கு, ஏழு மணிக்கு ஒரு சிஸ்டம்டி டைமர். டேட்டாபேஸில் அதற்குப் படிக்கும் உரிமை மட்டும் உள்ள ஒரு பயனரை உருவாக்குங்கள். அதன் பிறகு சர்வரில் உள்ள மற்ற பயனர் கணக்குகளின் கிரான் வரிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எட்டாவது இருக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.